முன்னதாகவே அழுத்திய கால்

டிசம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பதினெட்டு நிமிடம். தூறல் விட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. சேர்வராயன் மலைப் பக்கம் வானம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மழைத் தண்ணீர் மிளகாய் மண்டிகளின் நெடியோடு ஓடியது. பேருந்து நிறுத்தத்திலிருந்து, நான் பாய் என்று கூப்பிடும் நண்பரின் டயர் கடை வரை அறுநூற்றுப் பத்து காலடி. அன்று சேற்றைச் சுற்றிப் போனதில் அறுநூற்று நாற்பத்தேழு ஆனது. ஆனாலும் பந்தயம் தொடங்கப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

அது அந்த ஆண்டின் கடைசிக் கார் பந்தயம். சக்கரங்கள் நான்கும் வெளியே தெரிய, ஒரே ஒரு ஆள் பாதி படுத்தபடி ஓட்டிப் போகும் கார்கள். மார்ச் மாதம் தொடங்கி ஊர் ஊராக, நாடு நாடாக நடந்து டிசம்பரில் முடியும். எல்லாப் புள்ளிகளையும் கூட்டி ஒருவருக்குப் பட்டம் கொடுப்பார்கள். கூட்டல் என்று வந்துவிட்டதால்தான் நான் அதில் மாட்டிக்கொண்டேன் என்று என் மனைவி சொல்வாள்.

உண்மையில் மாட்டியது வேறு விதமாக. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் ஸ்கூட்டருக்கு டயர் மாற்றப் பாய் கடைக்குப் போனேன். இருபது நிமிடம் ஆகும், உட்காருங்கள் என்றார். அவர் தலைக்கு மேலிருந்த டிவியில் ஒரு காருக்கு நான்கு டயரையும் மாற்றினார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நொடி ஆகவில்லை. அன்று ஸ்கூட்டர் தயாரான பிறகும் ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கண் ஆபரேஷன் ஆகி ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். கடைக்குப் போவதை விடவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். பந்தயம் முடிந்ததும் பாய் தன் வண்டியில் என்னை வீட்டில் இறக்கிவிடுவார்.

நான் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு ஆண்டு டைம்கீப்பராக இருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு, இத்தனை மணிக்கு நான் வருவேன் என்று எனக்காக நாற்காலி போட்டு வைத்த இடம் அந்தக் கடை ஒன்றுதான். வேறு போக்கிடம் எனக்குக் கிடையாது.

பந்தயம் பார்க்க வரும் மூன்றாவது ஆள் டிரைவர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், என் பணிமனையிலேயே ஓட்டியவர். இருபத்திரண்டு ஆண்டு அவர் வண்டி உள்ளே வந்த நேரத்தை எழுதியவன் நான். பாதி நாள் 'தாமதம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அதை அவர் மறக்கவே இல்லை. கடைக்குள் நுழையும்போதே, "ஏனுங்க டைம்கீப்பரு சார், இங்கயும் லேட்டு போட்டுறாதீங்க, எனக்குப் பென்சன் வந்துருச்சுங்க" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம். திரையில் எந்தக் கார் சுவரை நெருங்கினாலும் இவருடைய வலது கால் தரையை அழுத்தும். செருப்பு சிமெண்டில் பட்டு 'சடக்' என்று சத்தம் வரும். தன் வாழ்நாள் முழுவதும் மிதித்த பிரேக் அங்கே இருப்பதாகக் காலுக்கு நினைப்பு. ஒரு பந்தயத்தில் எத்தனை சடக் என்று நான் நோட்டில் குறித்து வைப்பேன். அதிகபட்சம் முப்பத்தெட்டு.

பந்தயத்தில் ஓட்டுகிறவர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அந்த ஆண்டு பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரைச் சின்னவர், மூத்தவர் என்று சொல்லிக்கொண்டோம். நாங்கள் மூவரும் சின்னவர் பக்கம்.

பெரும்பாலான பந்தயங்கள் நம் நேரத்துக்குப் பகலிலோ மாலையிலோ வந்துவிடும். ஆண்டின் கடைசிப் பகுதியில்தான் சிக்கல். நான்கு பந்தயங்கள் உலகத்தின் அந்தப் பக்கத்தில் நடக்கின்றன. நமக்கு இரவு பத்து மணிக்கு மேல். எனக்கு ஒன்பது மணிக்கு மாத்திரை, ஒன்பதரைக்குத் தூக்கம். அதனால் அக்டோபரில் ஒரு முடிவு செய்தோம். அந்த நான்கையும் யாரும் இரவில் பார்ப்பதில்லை. மறுநாள் திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு, பதிவானதைக் கடையில் மூவரும் சேர்ந்து பார்ப்பது. அதுவரை முடிவு யாருக்கும் தெரியக் கூடாது. கடவுள் பேரில் விளையாட்டுக்குச் சத்தியம் செய்வது கூடாது என்று பாய் சொன்னார். வாசலில் ஒரு புது லாரி டயர் நின்றிருந்தது. மூவரும் அதன் மேல் கை வைத்தோம்.

நான் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். நான்கு திங்கட்கிழமையும் காலைப் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்க்காமல் மடித்து வைத்தேன். டிவியில் செய்தி தொடங்கினால் மனைவியை அணைக்கச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பேப்பரை விரித்தால் எழுந்து நின்றுகொண்டேன். முழங்கால் வலியோடு ஒரு நாள் பதினோரு நிறுத்தம் நின்று வந்தேன்.

அந்த நான்கு திங்கட்கிழமைகளில்தான் பாயின் திறமையை நான் கண்டுகொண்டேன். திரையைப் பார்த்தபடியே சொல்வார்: "முன்னாடி இடது டயரு இன்னும் ரெண்டு ரவுண்டுதான் சார் தாங்கும்." சரியாக இரண்டாவது சுற்றில் அந்தக் கார் டயர் மாற்ற உள்ளே வரும். நான்கு பந்தயத்தில் பதினோரு முறை சொன்னார், பத்து சரி. முப்பது வருடம் டயரைத் தடவிப் பார்த்த கை அல்லவா என்று முடி வெட்டுபவரிடம் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், என் மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

டிரைவரும் என்னை அசத்தினார். அந்தப் பந்தயங்களில் கார் மோதுவதற்கு முன்பே அவர் கால் சடக் என்றது. ஒரு நொடி, சில சமயம் இரண்டு நொடி முன்பே. சடக் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முன்னால், பின்னால் என்றும் குறிக்கத் தொடங்கினேன். ஆபத்து வருவதற்கு முன்பே அறிகிற கால் என்று நோட்டில் எழுதினேன். மூன்றாவது திங்கட்கிழமை மனசு தாங்காமல் அவரிடம், "உங்களுக்குத் தாமதம் தாமதம்னு எழுதினதெல்லாம் இப்ப உறுத்துது டிரைவர். நீங்க பாத்து ஓட்டினதாலதான் லேட்டாயிருக்கு" என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்து டீயைக் குடித்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பந்தயம் பாலைவன நாட்டில். நமக்கு மாலை ஆறரை. நடக்க நடக்க நேரடியாகப் பார்க்கலாம். சின்னவருக்கும் மூத்தவருக்கும் இடையே ஒன்பது புள்ளிதான் வித்தியாசம். பாய் மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு வந்து டிவியைப் போட்டார். என் நாற்காலியில் தூசி தட்டினார்.

பத்து சுற்று ஆகியும் பாய் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுங்க பாய், டயர் எப்படி இருக்கு?" என்றேன்.

"பாக்கலாம் சார்."

"பாக்கறது எல்லாரும் பாக்கறோம். நீங்க சொல்லுங்க."

தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மூத்தவரோட பின்னாடி டயரு இருபதாவது ரவுண்டுல போயிரும் சார்." அது முப்பத்து நான்காவது சுற்று வரை ஓடியது. மறுபடி கேட்டேன், மறுபடி தப்பு. நான்கு சொன்னார், நான்கும் தப்பு.

"பாய்க்கு இன்னிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்க" என்று டிரைவர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

நாற்பத்தேழாவது சுற்றில் பின்னால் வந்த ஒரு கார் சறுக்கிச் சுவரில் மோதியது. பிறகு சடக்.

பிறகு. அந்த வரிசை என் காதில் இடித்தது. முதலில் மோதல், அதற்குப் பின் கால். நோட்டைப் பின்னால் புரட்டினேன். அன்று அதுவரை இருபத்தாறு சடக், இருபத்தாறும் பின்னால்தான். திங்கட்கிழமைகளைப் பார்த்தேன். அங்கே முன்னால், முன்னால், முன்னால் என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"டிரைவர்" என்றேன். "நாலு திங்கக்கிழமையும் கார் மோதறதுக்கு முன்னாடி கால் வெச்சீங்க. இன்னிக்கு மோதின பின்னாடி வெக்கறீங்க. ஏன்?"

"வயசாகுதுங்களே சார்."

"ரெண்டு மாசத்துலயா?"

பாய் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நான்கு ஆண்டில் பந்தயத்தின் நடுவில் அவர் சத்தத்தைக் குறைத்ததே இல்லை. எனக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"எத்தனை?"

"என்னா சார் எத்தனை?"

"நீங்க ரெண்டு பேரும் ராத்திரியே பாத்தது எத்தனை?"

"நாலும்" என்றார் பாய்.

டிரைவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சார், சொன்னாக் கேளுங்க. மொத தடவ நான்தானுங்க பாய்க்குப் போன் போட்டேன். சின்னவரு அங்க வண்டி ஓட்டறப்ப நாம எப்பிடிங்க ஊட்டுல படுத்துத் தூங்கறது? மறுநாளு உங்க முன்னாடி ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கறது இருக்கே, வண்டி ஓட்டறத விடக் கஷ்டமுங்க. கால்தான் கேக்கல."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சார்" என்றார் பாய். "நீங்க அவ்வளவு சந்தோஷமா எழுதிட்டிருந்தீங்க."

"டயர் மேல கை வெச்சோமே பாய்."

அவர் வாசலைப் பார்த்தார். "அந்த டயரு அந்த வாரமே வித்துப் போச்சு சார். நாமக்கல் லாரிக்குப் போயிருச்சு."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடக்கிக்கொண்டார். நான் எழுந்தேன். பாயும் எழுந்தார்.

"இருங்க சார். பதினோரு ரவுண்டுதான் இருக்கு. பட்டம் யாருக்குன்னு பாக்காமப் போவீங்களா? முடிஞ்சதும் நானே கொண்டுபோய் விடறேன்."

"நீங்க பாத்துட்டு, திங்கக்கிழமை ஒண்ணும் தெரியாத மாதிரி எங்கூட உக்காருங்க" என்றேன்.

வெளியே வந்தபோது ஏழு மணி நாற்பத்து மூன்று. பின்னால் டிவியின் சத்தம் மறுபடி ஏறியது. வர்ணனைக்காரர் கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தம் வரை எத்தனை காலடி என்று தெரியவில்லை, அன்று எண்ணவில்லை.

என் பக்கம் போகும் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது எட்டு முப்பத்தைந்துக்கு. ஓய்வு பெற்றவர் என்ற முறையில் எனக்கு இலவச பாஸ் உண்டு. இத்தனை ஆண்டில் இந்த ஊருக்குள் ஆட்டோவில் ஏறியதில்லை. ஆனால் நாற்பத்தைந்து நிமிடம் அங்கே நின்றால் பந்தயம் முடிந்து பாய் வண்டியோடு வந்து நிற்பார். அவர் பின்னால் உட்கார என்னால் முடியாது. ஆட்டோக்காரர் இருநூற்று இருபது என்றார். பேரம் பேசவில்லை.

அவர்கள் இரவில் பார்த்தது எனக்குப் பெரிதில்லை. உங்களுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டோம், மன்னியுங்கள் என்று முதல் திங்கட்கிழமை சொல்லியிருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு வந்திருப்பேன். ஆட்டோவில் போகும்போது எனக்கு நினைவு வந்தது அவர்கள் முகம். கடைசிச் சுற்றில் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு "ஐயோ, போச்சுங்களே" என்றது. நான் புள்ளிகளைக் கூட்டி, சின்னவர் இரண்டாவதாக வந்தால் இத்தனை, ஐந்தாவதாக வந்தால் இத்தனை என்று விளக்கியபோது பாய் தலையாட்டிக் கேட்டது. "அப்ப நாலாவது வந்தா சார்?" என்று சந்தேகம் வேறு கேட்டார். வந்தது எத்தனையாவது என்று அவருக்குத் தெரியும். விடை தெரிந்த கணக்கை நான்கு மாலை, கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், அவர்களுக்கு நான் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

வீட்டு வாசலில் இறங்கியபோது எட்டு மணி பதினொன்று. மனைவி கேட்டருகில் நின்றிருந்தாள். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.

"பாய் இப்பதான் போன் பண்ணாரு" என்றாள். "அவருமேல கோவப்படாதீங்க. நாந்தான் சொன்னேன்."

"நீ என்ன சொன்னே?"

"அவங்க ராத்திரி பாக்கறது உங்களுக்குத் தெரிஞ்சா, நீங்களும் மாத்திரைய விட்டுட்டுக் கெளம்பிருவீங்க. டாக்டர் என்ன சொல்லியிருக்காரு? அதான், உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு பாய்கிட்டச் சொல்லி வெச்சேன்."

"எப்ப?"

"அந்த நாலுல மொத ரேசு முடிஞ்ச அன்னிக்கே. அவருதான் மனசு கேக்காம எனக்குப் போன் பண்ணாரு."

கேட்டின் கம்பிகள் பதினாறு. முன்பே எண்ணியதுதான். மறுபடி எண்ணினேன்.

"அப்ப, நான் திங்கக்கிழமை பேப்பர மடிச்சு வெச்சது?"

"நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடியே நான் படிச்சுருவேன்" என்றாள். "டிவிய அணைக்கச் சொன்னீங்களே, அதுவும் நான் சமாச்சாரம் தெரிஞ்சுக்கிட்ட பின்னாடிதான்." என் முகத்தைப் பார்த்தவள் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவசரமாகச் சொன்னாள்: "எதுக்குங்க இத்தன வருத்தம்? அதான் சின்னவரே ஜெயிச்சுட்டாராமே."

சின்னவர் என்ற பெயர் அந்தக் கடையைத் தாண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அவள் வாயில் அது பழகிய பெயராக இருந்தது. மார்ச்சிலிருந்து இருபத்து நான்கு பந்தயம் காத்திருந்த முடிவு. எனக்கு முன்னால் பாய்க்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். ஆட்டோக்காரருக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

"சாமி, காசு குடுத்தீங்கன்னா நான் கெளம்புவேன்" என்றார் அவர். "பேசிட்டிருந்ததுல ஒம்பது நிமிசம் ஆயிருச்சு. வெயிட்டிங் முப்பது சேத்துக் குடுங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் சரிதான். அன்று மாலை என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர் ஒருவர். இருநூற்று இருபதும் முப்பதும், மொத்தம் இருநூற்று ஐம்பது ரூபாய்.