மெர்சி தேர்ந்தெடுத்த கேமரா

ஸ்டீபன் தொலைபேசியில் அழைத்தபோது நான் ஒரு குழந்தைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மெர்சி காய்ச்சல் என்றுதான் விடுப்பில் இருந்தாள். அன்று வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். "மெர்சி போயிட்டாக்கா" என்றார் அவள் கணவர். எங்கே என்று கேட்டேன்.

வேலம்பாளையத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துபோன உங்களுக்கு அவளைத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவள், கேமரா பழகி என் கூட்டாளியானாள். ஏற்றுமதிக்குப் போகும் உடைகளைப் படமெடுப்பது எங்கள் பிழைப்பு. அவளுடைய ஆசையோ சாப்பாட்டைப் படமெடுப்பது.

தட்டைச் சாய்வாகப் பார்த்து எடுத்தால் முன்னாலிருக்கும் சோறு தெளிவாக விழும். பின்னாலிருக்கும் கிண்ணம் மங்கிவிடும். பல படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்துவிடலாம் என்பது என் கட்சி. "சட்டை காத்துக்கிட்டு கெடக்கும்க்கா. ஆவி கெடக்குமா?" என்றாள். துருத்தி மாதிரி மடிப்பு வைத்த, லென்ஸை மட்டும் தனியாகச் சாய்த்துத் தட்டு முழுவதையும் ஒரே படத்தில் தெளியவைக்க முடிகிற வியூ கேமராதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

கோயம்புத்தூரில் பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனோம். ஃபிலிம் காலத்துப் பெரிய கேமரா ஒன்றின் கம்பீரத்தில் நான் மயங்கிவிட்டேன். மெர்சி தன் மதியச் சாப்பாட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். மீன்குழம்புச் சோறு. கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பியதும் லென்ஸ் தாங்கி மெல்ல நழுவியது. எங்கள் டிஜிட்டல் கேமராவைப் பின்னால் மாட்டினால் அதற்கேற்ற சிறிய லென்ஸை அருகே கொண்டுவர வேண்டும்; அந்த மடிப்போ அவ்வளவு சுருங்கவில்லை. பக்கத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. திருகைத் திருப்பினால் மயிரிழை நகர்ந்து அப்படியே நின்றது. முன்னாலிருந்த சோற்றுப் பருக்கையிலிருந்து கடைசிக் கறிவேப்பிலை வரை ஒரே படத்தில் தெளிந்தது.

"பெருசு காலத்துக்கும் உழைக்குமுங்க" என்றார் கடைக்காரர்.

"உழைக்கும்ணே. ஆனா நான் நிறுத்துன எடத்துல நிக்கலையே" என்றாள் மெர்சி. பிறகு அந்தச் சோற்றை அவருக்கும் பங்கு வைத்தாள்.

வாங்கிவந்த அந்தச் சின்னக் கேமராவில் அவிநாசியில் ஓர் உணவகத்துக்குப் படமெடுத்தோம். பளபளப்புக்கு எண்ணெய் தடவிய இட்லியை உரிமையாளர் கொண்டுவந்தார். மெர்சி அதை ஒதுக்கிவிட்டு, இட்லி வேகும் கொப்பரையிலிருந்து நேராக எடுத்துவரச் சொன்னாள். ஆவி எழுந்த கணத்தில் ஒரே ஒரு படம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, சமையலறையிலிருந்த மனைவியை அழைத்தார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நம்ம ஊட்டு இட்லிங்களா இது?" என்று கேட்டார். மெர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும் வழியில், வருகிற கிறிஸ்துமஸுக்குக் கேமராவோடு ஊருக்குப் போய்த் தன் அம்மா சமைப்பதை எடுக்க வேண்டும் என்றாள். நானும் வருகிறேன் என்றேன்.

அடக்கம் முடிந்ததும், கேமரா உங்களிடமே இருக்கட்டும் என்றார் ஸ்டீபன். எனக்கு மிஞ்சியது அது மட்டுமல்ல. ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவின் திரை தெரியாதபோது கறுப்புப் பனியன் துணியை இருவர் தலைமேலும் போர்த்துவாள். உள்ளே அவளுடைய தேங்காயெண்ணெய் வாசம் மட்டும் இருக்கும். "பாத்துட்டீங்களாக்கா?" என்பாள். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகே படமெடுப்பாள். இப்போதும் அந்தத் துணியைப் போர்த்திக்கொள்கிறேன், ஒரு பக்கம் ஒதுங்கி நின்றபடி.