ஒப்பிக்கும் அறை

அந்தத் தாளின் நடுப்பகுதியில் இருந்த கேள்வி இது: மூடிய அறைக்குள் ஒரு குழந்தையுடன் நீங்கள் மட்டும் இருந்தது உண்டா? நான் ஒரு நொடியும் தயங்காமல் "இல்லை" என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பு அப்போது எனக்குத் துளியும் இல்லை. இன்று அதை எண்ணும்போதெல்லாம் என்னை நடுங்க வைப்பது அந்தத் தயக்கமின்மைதான்.

கோவில்பட்டியில் வத்தல் மண்டி நடத்திப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டவன் நான். சிறு வயது முதல் பதிகங்களே எனக்கு மூச்சு. கடைவீதிக்குப் பின்னால் எங்கள் மடத்தில் ஞாயிறுதோறும் பதிக வகுப்பு நடத்தி வந்தோம். முப்பது, நாற்பது பிள்ளைகள் வருவார்கள். கூடத்தில் பாடம். பாடம் முடித்த பிள்ளை முதலில் என்னிடம் ஒப்பிக்க வேண்டும். நான் சரி என்றால் பக்கத்திலுள்ள வாகன அறைக்குள் சென்று, பெரியவர் ஒருவர் முன் தனியே அமர்ந்து முழுப் பதிகத்தையும் பண்ணோடு ஒப்பிக்க வேண்டும். மூவர் முறை வைத்துக்கொண்டு ஞாயிறுக்கு ஒருவராக உள்ளே அமர்ந்தார்கள். அவர்களில் யாரேனும் வராத நாளில் நான் அமர்வேன்.

கதவைச் சாத்திவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவனும் நானே. பத்து வயதில் ஒரு சபையில் பாடும்போது என் குரல் உடைந்து, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் பிறர் முன் வாய் திறக்கவில்லை. எந்தப் பிள்ளையின் பிழையும் மற்றப் பிள்ளைகளின் காதில் விழக் கூடாது. இறைவனும் கேட்பவரும் மட்டுமே கேட்க வேண்டும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தேன். மரத்தால் ஆன காளையும் மயிலும் நிற்கும் அந்தச் சிற்றறையில், சுவரில் ஒரு சாமி படம். அதன் முன் எப்போதும் ஒரு விளக்கு. அந்த விளக்கு எரிகிற இடத்தைத் தனிமை என்று எவ்வாறு சொல்வது? நான் "இல்லை" என்று எழுதியது இதனால்தான்.

தாளைக் கொண்டுவந்தவர் ஓர் உளவியல் ஆய்வாளர். முப்பது வயது கடந்த பெண். திருநெல்வேலிக்காரர். டியூஷன், கராத்தே, பாட்டு என்று பிள்ளைகள் கூடும் இடங்களில் பொறுப்பிலுள்ள பெரியவர்களை எப்படிச் சோதித்து அமர்த்துவது, பாலியல் கொடுமை நேரும் முன்பே எப்படித் தடுப்பது என்று ஆராய்பவர். பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டதால் நாங்களும் ஒப்புக்கொண்டோம். எனக்குள் கசப்பு இருந்தது. திருநீறு பூசிய நெற்றியைப் பார்த்த பிறகும் கேள்வித்தாளா என்ற கசப்பு.

நால்வரும் கூடத்தில் அமர்ந்து எழுதினோம். எனக்கு அடுத்திருந்தவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்; நாற்பத்தைந்து வயது இருக்கும். மயில் வாகனத்துக்குப் புது வண்ணம் பூசிக் கொடுத்தவர். பிள்ளைகள் எல்லாரிடமும் சிரித்துப் பேசுபவர். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தனியா இருந்தீயளான்னு கேட்டிருக்காவளே, அதுக்கு என்ன போட?"

"இல்லைன்னே போடுங்க. சாமி முன்னாலல்லா உக்காருதோம்."

"அப்ப எனக்கும் அதேதான். பரீட்சையில பாத்து எழுதுனா வாத்தியார் பிரம்பெடுப்பாவ. இந்தம்மா என்னத்த எடுப்பாவளோ."

எல்லாரும் சிரித்தோம். மற்ற இருவரும் அதையே எழுதினார்கள். "இறைவன் சந்நிதியில் தனிமை இல்லை" என்று நான் கீழே சேர்த்த வரியையும் சேர்த்தே எழுதினார்கள்.

மறு வாரம் அந்த அம்மையார் என்னை மட்டும் பார்க்க வந்தார். நான்கு தாள்களையும் விரித்து வைத்தார்.

"ஐயா, நாலு பேரும் ஒரே வரியை எழுதியிருக்கீங்க. அந்த அறையை நான் பார்க்கலாமா?"

காட்டினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, சற்று நேரம் கழித்து வெளியே வந்தார்.

"உள்ளேயிருந்து கூப்பிட்டேன். கேட்டுதா?"

கேட்கவில்லை. அது பழைய தேக்குக் கதவு. நான் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், பலரிடமும்.

"நான் உங்க யாரையும் தப்பாச் சொல்லல" என்றார். "இந்தத் தாள் ஒருத்தரோட மனசைத் திறந்து காட்டிராது. தப்பு செய்ய நினைக்கறவங்க 'ஆமா'ன்னு எழுத மாட்டாங்க. அவங்க முகத்துலயும் ஒண்ணும் எழுதியிருக்காது. பெரும்பாலும் பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சவங்களா, எல்லாருக்கும் பிடிச்சவங்களாத்தான் இருப்பாங்க. அதனால ஆளைப் பத்திக் கேக்கறதோட, எந்த இடத்துல கதவு மூடுதுன்னும் கேக்கறோம். அந்தக் கேள்விக்கு நீங்க எல்லாரும் 'இல்லை'ன்னு எழுதிட்டீங்க."

நான் விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மறுக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "சமீபத்துல நின்னுபோன பிள்ளை யாராவது உண்டா? இல்ல, திடீர்னு மாறின பிள்ளை?"

இருந்தாள். பசுவந்தனைக்கு அப்பாலிருந்து தாயோடு பேருந்தில் வருவாள், ஒன்பது வயது. ஆடு வளர்த்து, இப்போது மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும் போடும் குடும்பம். ஒரு முறை கேட்டால் போதும், பதிகத்தின் பதினொரு பாட்டையும் திருப்பிச் சொல்வாள். அப்படிப்பட்டவள் சில மாதங்களுக்கு முன் பிழை விடத் தொடங்கினாள். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டாள். சோம்பல் என்று அவள் தாயிடம் நானே குறைப்பட்டிருந்தேன். இதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்தெந்த வாரம் பிழை விட்டா? குறிச்சு வச்சிருக்கீங்களா?"

வகுப்புப் பேரேடு என் கையெழுத்தில்தான் இருந்தது. இன்னார் இன்ன பதிகம் ஒப்பித்தார், சரி, பிழை, உள்ளே அமர்ந்தவர் இன்னார் என்று ஞாயிறுதோறும் குறித்திருந்தேன். பக்கங்களைப் புரட்டினேன். மற்ற இருவர் உள்ளே அமர்ந்த நாள்களில் அவள் பெயருக்கு நேரே "சரி". ஜவுளிக்கடைக்காரர் அமர்ந்த நாள்களில் "பிழை". அவர் முறை வந்த இரண்டு ஞாயிறுகளில் பிழை. அதற்கு முந்தைய ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அதே பதிகம் பழுதின்றி.

பாடத்தில் தேறாத பிள்ளையை உள்ளே அனுப்ப மாட்டோம் என்பது எங்கள் முறை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என் முன் நின்று, தனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைத் தப்புத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதவுக்குள் போகாமலிருக்க ஒரு குழந்தை கண்டுபிடித்த ஒரே வழி அது. அவளுக்குப் பாடம் தெரியும் என்பது எனக்கும் தெரிந்ததால், நடிக்கிறாள் என்று கடிந்து, முறையை மீறி உள்ளே அனுப்பினேன்.

பேரேட்டை மூட என் கை வரவில்லை. மடத்துக்கு வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் அஞ்சாதே என்று சொல்லும் பாட்டுகளைப் பாடியவன் நான். அன்று ஒரு பாட்டின் முதலடி கூட நினைவுக்கு வரவில்லை.

"இது சாட்சி இல்ல ஐயா" என்றார் அம்மையார். "ஆனா நான் சும்மா இருக்க முடியாது. சந்தேகம் வந்தாலே தெரிவிக்கணும்னு சட்டம் இருக்கு. உங்களுக்கும் அது உண்டு. அந்தப் பிள்ளைகிட்ட நீங்க யாரும் எதுவும் கேக்காதீங்க. இதுக்குப் பயிற்சி எடுத்தவங்க அவ வீட்டுலயே, அம்மா பக்கத்துல இருக்க, பேசுவாங்க."

அன்று மாலையே என் தாளைத் திரும்ப வாங்கி, "இல்லை" என்பதை அடித்து "ஆம்" என்று எழுதினேன். மற்ற மூவரின் விடையும் என் சொல்லால் எழுதப்பட்டது என்றும், கதவைச் சாத்தும் வழக்கம் என்னுடையது என்றும் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அவரிடம் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு மறு அறிவிப்பு வரை வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜவுளிக்கடைக்காரர் மண்டிக்கு வந்தார். வத்தல் மூட்டைகளின் நெடியில் இருமுறை தும்மிவிட்டு, என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் போன்ற அதே சிரிப்பு.

"என்ன அண்ணாச்சி, வகுப்பை நிப்பாட்டிட்டீயளாம்."

"ஆமா."

"ஏதோ எழுதிக் குடுத்ததாவும் சொன்னாவ. படிச்ச புள்ள ஒண்ணு வந்து நாலு கேள்வி கேட்டா நம்ம மடத்தை நாமளே சந்தேகப்படவா? பிள்ளைக ஆயிரம் கற்பனை பண்ணும். அதுவும் ஆடு மேய்க்கிற ஊருலருந்து வார பிள்ளைக."

எந்தப் பிள்ளை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஊரையும் சொல்லவில்லை.

"நீங்களும்தான உள்ள உக்காந்திருக்கீய" என்றார், குரலைத் தாழ்த்தி. "கேக்க ஆரம்பிச்சா உங்களையும்தான கேப்பாவ. இந்த வயசுல அது தேவையா? ஒரு வார்த்தை, தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிருங்க. நான் மத்ததப் பாத்துக்கிடுதேன்."

பயந்தேன். அவருக்கு அல்ல, அவர் சொன்னதில் இருந்த உண்மைக்கு. அந்த அறையில் நானும் அமர்ந்தவன். ஊர் என்னையும் அந்தக் கண்ணால் பார்க்கும். பேரப்பிள்ளைகளைத் தூக்கும்போது மருமகள் ஒரு கணம் பார்ப்பாளோ என்று அந்த நிமிடத்திலேயே நினைத்தேன்.

"என்னையும் கேக்கட்டும்" என்றேன். அவர் எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிப் போனார்.

அடுத்த வாரம் அந்தச் சிறுமி பேசினாள். என்ன பேசினாள் என்பது அவளுக்கும் அவளிடம் கேட்டவர்களுக்கும் உரியது. நான் எழுதப் போவதில்லை. வழக்குப் பதிவாயிற்று. ஜவுளிக்கடைக்காரரைப் போலீசார் அழைத்துப் போனார்கள். என்னையும் மற்ற இருவரையும் பலமுறை விசாரித்தார்கள். இன்னும் விசாரணை முடியவில்லை. இரவில் அல்ல, பட்டப்பகலில் கடைவீதியில் நடக்கும்போதுதான் எனக்கு அச்சம் அதிகம். பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் கடக்கும்போது பேச்சை நிறுத்துகிறார்கள்.

அதன் பிறகு ஒரு நாள், அவள் தாய் என்னை வரச் சொல்லி அனுப்பினாள். அம்மையாரிடம் கேட்டேன். பிள்ளையிடம் பேச முற்படாமல், தாய் சொல்வதை மட்டும் கேட்டு வாருங்கள் என்றார்.

பசுவந்தனையில் இறங்கி நடந்தேன். மழை வராத கரிசல் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வீட்டு முற்றத்தில் தாய் ஒரு நார்க்கட்டிலைக் காட்டினாள். கதவு ஒருக்களித்திருந்தது. சிறுமி உள்ளே இருப்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"உக்காருங்க ஐயா. தண்ணி குடிங்க."

குடித்தேன். அவள் நின்றுகொண்டேயிருந்தாள்.

"அந்தாளு எம்பிள்ளைட்ட என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? அதை மட்டும் நீங்க தெரிஞ்சிக்கிடணும். 'சாமி பாத்துக்கிட்டுதான இருக்கு, தப்புன்னா சாமி சும்மா இருக்குமா'ன்னு கேட்டிருக்கான். பிள்ளை அதை நம்பி யாருட்டயும் சொல்லாம கிடந்திருக்கு."

நான் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகக் கூடத்தில் அமர்ந்திருந்தேன். காவல் காக்க வேண்டியவன் நான். அந்த வேலையை இறைவன் மேல் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். பக்தி என்று நான் நினைத்திருந்தது எத்தனை வசதியானது என்பது அந்த முற்றத்தில் புரிந்தது.

"நீங்க எழுதிக் குடுத்தீயளாம்லா. என்ன எழுதுனீய? எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். வாசிங்க."

பையில் நகல் இருந்தது. வாசித்தேன். அறையைப் பற்றி, கதவைப் பற்றி, கேள்வித்தாளைப் பற்றி. அவள் கடைசி வரை கேட்டாள்.

"எம்பிள்ளைய ஏசி உள்ள அனுப்புனது நீங்கதான? அது இதுல எங்க இருக்கு?"

இல்லை. விசாரணையில் கேட்டபோது, பிழை விட்டாள் என்று பேரேட்டைக் காட்டினேன். பிழை விட்ட பிறகும் அனுப்பியது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறந்துபோய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். மறக்கவில்லை.

"இல்லம்மா. எழுதலை."

"எழுதுங்க."

மடியில் வைத்து அந்தத் தாளின் அடியில் எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன்: "தெரிந்த பாடத்தைப் பிழையாகச் சொன்ன அந்தக் குழந்தையை, அதன் காரணத்தைக் கேளாமல், இரண்டு முறை நானே கடிந்து அறைக்குள் அனுப்பினேன்."

"மூணும்மா" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

தாய் கதவைப் பார்த்தாள். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாசல்ல வாந்தி எடுத்தேம்லா. அன்னைக்கும் அனுப்புனாவ."

அந்த நாள் எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் வேறு விதமாக. தாய் வற்புறுத்தி அழைத்துவந்த பிள்ளை மடத்து வாசலில் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து முகம் துடைத்து, நெற்றியில் திருநீறு இட்டேன். என் அன்பான செயல்களுள் ஒன்றாகவே அதை மனத்தில் வைத்திருந்தேன். திருநீறு இட்ட பின், "உள்ள போயிட்டு வா, சரியாயிரும்" என்று கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். பேரேட்டில் அந்த நாளுக்கு நான் எதுவும் குறிக்கவில்லை.

"இரண்டு" என்பதை அடித்து "மூன்று" என்று எழுதினேன்.

"இப்ப முதல்லருந்து வாசிங்க" என்றாள் தாய்.

வாசித்தேன். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் நிறுத்தினேன். உள்ளிருந்து இன்னும் என்ன வருமோ என்று அஞ்சியபடியே அடுத்த வரிக்குப் போனேன்.