கடலுக்கு முதுகு காட்டும் பிரெட்ரிக்

பிரெட்ரிக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். எங்கள் ஊரான மாசாயில் அவர் வீட்டு வாசலிலிருந்து கடல் தெரியாது. ஆனால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மணி அடித்ததும் எழுவார், முதுகைத் தெற்கே திருப்புவார், அதற்குப் பிறகுதான் "ஹலோ" வரும். கடலுக்கு அந்தக் கரை சிங்கப்பூர். அங்கிருந்து வரும் அலைவரிசை இந்தப் பக்கத்துக் கைப்பேசிகளைக் கேட்காமலே பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் நம் ஊரில் நின்று பேசினாலும் வெளிநாட்டுக் கட்டணம். ஒரு நாள் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தவருக்கு 'சிங்கப்பூருக்கு நல்வரவு' என்று செய்தி வந்தது. பாதி முகத்தில் நுரையோடு, கடப்பிதழ் இல்லாமல் எல்லை தாண்டிய ஒரே மனிதர் தம் புருஷன்தான் என்று அவர் மனைவி ஐலீன் இன்னும் சொல்லிக்காட்டுகிறார். ஒருவருடைய முதுகு அலைவரிசையை மறைக்குமா என்று எனக்குத் தெரியாது. மறைப்பதற்கு வேண்டிய அகலம் பிரெட்ரிக்கிடம் இருக்கிறது.

பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குக் கையுறை, காதடைப்பான், இரும்பு முனை வைத்த சப்பாத்து ஆகியவற்றை விற்பது அவர் தொழில். ஒரு வேனும் ஒரு ரப்பர் முத்திரையும் அவரும் சேர்ந்ததுதான் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அந்த இரும்பு முனைச் சப்பாத்திலேயே வருவார். நற்கருணை வாங்க வரிசையில் நடக்கும்போது சிமெண்டுத் தரை அதிரும். "வெளம்பரம் லா," என்பார். "பாதர் கால் அளவுகூட எடுத்து வச்சிட்டேன். அவருதான் இன்னும் ஒத்துக்கல."

கைப்பேசியிலேயே மின்னஞ்சல் பார்க்கலாம் என்று ஆகிவிட்ட இந்த இரண்டாயிரத்து எட்டில், வியாபாரத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிரெட்ரிக் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இடுப்பின் இடப்பக்கத்து உறையில் இருப்பது, அரிசி அரிசியாகப் பொத்தான் வைத்த போன். சிங்கப்பூரில் வேலை செய்யும் மைத்துனர் ஆலன் 'பாத்துட்டுக் குடுங்க' என்று கொடுத்தது. வலப்பக்கத்தில் இருப்பது, கண்ணாடித் திரையைக் குச்சியால் தொட்டு எழுதும் போன். அது தெப்ராவில் உள்ள போன் கடையிலிருந்து சோதித்துப் பார்க்க இரவலாக வாங்கிவந்தது. முன்னதற்குப் பட்டன்காரன் என்றும் பின்னதற்குக் குச்சிக்காரன் என்றும் பெயர் வைத்திருக்கிறார். இரண்டும் அவருடையவை இல்லை. அவருடையது சட்டைப்பையில் இருக்கிறது. மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டிய, பேசுவதற்கு மட்டும் ஆகிற பழைய போன்.

"பட்டன்காரன் ஓட்டக்காரன். மெயிலு வந்த ஒடனே கத்திருவான்," என்று தொடங்குவார். "ஆனா வெலைப் பட்டியல தொறந்தீங்கன்னா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். குச்சிக்காரன் படிச்சவன். பட்டியலத் தொறப்பான், திருத்துவான், கூட்டிக்கூடக் குடுப்பான். ஆனா சோம்பேறி. குச்சி தொலைஞ்சா அவன் கத முடிஞ்சிச்சு." பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவரைப் போலப் பேசுவார். ஒரு நாள் இருவரையும் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடத்தி, யார் முதலில் சுடுகிறார்கள் என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு நாள் தாம் விற்கும் கையுறையை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்தார். பட்டன்காரனில் ஒரு விரலுக்கு நான்கு எழுத்து விழுந்தது. குச்சிக்காரனின் குச்சி ரப்பர் விரலிடுக்கில் நழுவி சாக்கடையில் விழுந்தது. கையுறை போட்டுக்கொண்டு மின்னஞ்சல் எழுதுகிறவர் யார் என்று ஐலீன் கேட்டார். "யாராவது இருப்பாங்க," என்றார் பிரெட்ரிக்.

சனிக்கிழமை தோறும் தெப்ராவ் கடைக்குப் போகிறார். சீன முதலாளி அவரைக் கண்டதும், "போஸ், ஹாரி இனி பெலி கா?" என்று கேட்பார், இன்றைக்காவது வாங்குகிறீர்களா என்று. பிரெட்ரிக் சிரித்துக்கொண்டே உள்ளே போய், வாங்க வந்திருக்கிற மற்றவர்களுக்கு எடுத்துச்சொல்லத் தொடங்கிவிடுவார். அவர் சொன்னதைக் கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள். முதலாளியும் திருப்தியாக இருக்கிறார்.

அப்படிக் கேட்டு வாங்கியவர்களில் ஒருவர் யுகேந்திரன். தம்போயில் இருந்துகொண்டு அதே கையுறையை, அதே சப்பாத்தை, அதே தொழிற்சாலைகளுக்கு விற்கிற இளைஞர். மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் டீக்கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு எது சரி வரும்?" என்று கேட்டிருக்கிறார். போட்டிக்காரன் கேட்கிறான் என்று பிரெட்ரிக்குக்குத் தோன்றவே இல்லை. ஒருவன் கேட்கிறானே என்றுதான் தோன்றியிருக்கிறது. டீ ஆறும்வரை விளக்கினார். "நீ அவசரக்காரன், ஒனக்குப் பட்டன்காரன்தான்," என்று தீர்ப்புச் சொன்னார். சிங்கப்பூர் அலைவரிசை பிடித்துக்கொண்டால் எங்கே போய் எதை அமுக்கி நம்முடையதைத் திரும்பப் பிடிப்பது என்பதையும் வேனின் மூடிமேல் வைத்துச் செய்துகாட்டினார். யுகேந்திரன் மறுநாளே வாங்கிவிட்டார்.

அந்த மாதமே அதன் பலன் தெரிந்தது. பிரெட்ரிக்கின் பெரிய வாடிக்கையான தொழிற்சாலையில் பொருள் வாங்கும் அதிகாரி சுபத்திரா, கையுறைக்கு விலை கேட்டு இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். இரவல் போன்களில் தம் மின்னஞ்சலை இணைத்திராத பிரெட்ரிக் வீட்டுக் கணினியில் அதைப் பார்ப்பதற்குள் இரவாகிவிட்டது. மறுநாள் சுபத்திராவே கூப்பிட்டார். "மிஸ்டர் பிரெட்ரிக், உங்க விலையும் நல்ல விலைதான். ஆனா யுகேந்திரன் பதில் பகல் சாப்பாட்டுக்கு முன்னயே வந்திருச்சி. நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது."

தெற்கே முதுகைக் காட்டியபடி அதைக் கேட்டு முடித்தவர், ரப்பர் வளையத்தைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் வந்தார். "பாத்தியா ஐலீன்? நான் சொன்ன போனு எவ்ளோ வேகம்!"

"அலமாக்! ஆர்டர் போயிருச்சி, ஒங்களுக்குப் பெருமையா இருக்கா?"

கையுறை போனது பெரிய இழப்பில்லை. அவர்கள் வீட்டுச் சோறு சப்பாத்தில் இருக்கிறது. அந்தத் தொழிற்சாலையின் ஆண்டுச் சப்பாத்து ஒப்பந்தம் கைமாறிவிட்டால் வேனை விற்றுவிட்டு அவரும் ஆலனைப் போல விடியுமுன் எழுந்து சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்ட வேண்டியதுதான். விலை கேட்கும் மின்னஞ்சல் எந்த வாரமும் வரலாம் என்று தெரிந்ததும், மாசாயில் ஒரு கிளினிக்கில் வேலை செய்யும் ஐலீன், மதிய இடைவேளையில் தெப்ராவுக்குப் போய் ஒரு போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பட்டன்காரன்.

பிரெட்ரிக் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டையும் வச்சிப் பாத்தியா?"

"இல்ல."

"பின்ன எப்படி வாங்குன?"

"ஒங்களக் கட்டிக்கிட்டப்ப எத்தன பேர வச்சிப் பாத்தேன்?"

பிரெட்ரிக் யோசித்தார். "அதான் எனக்கும் இன்னிக்கு வரைக்கும் வெளங்கல," என்றார்.

போன வாரம் அந்த நாளும் வந்தது. காலையில் தொழிற்சாலைக்குப் போய் இருவரும் சப்பாத்து மாதிரிகளைக் காட்டினார்கள். எத்தனை சோடி, என்ன அளவு என்று மதியம் மின்னஞ்சலில் வரும், விலை ஒன்றாக இருந்தால் முந்தி வருகிறவருக்கு என்று சுபத்திரா சொல்லி அனுப்பினார். 'அனுப்பு' என்பதை இவர் அமுக்கும்வரை நம்ப முடியாது என்று ஐலீன் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். சாப்பிடப் போன இடம் பாசிர் பூத்தேயில் கடலை ஒட்டிய கடை. அந்த வட்டாரத்தில் மீன் நன்றாக இருப்பது அங்கேதான். யுகேந்திரனும் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கரைக் கட்டடங்கள் எண்ணிவிடும் தூரத்தில் நின்றன. பிரெட்ரிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, போனில் நம் ஊர் அலைவரிசையைப் பூட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

இரண்டு மேசையிலும் ஒரே நேரத்தில் போன் அதிர்ந்தது.

பிரெட்ரிக் கையைக் கழுவிவிட்டு வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். தடித்த கட்டைவிரலின் நகத்தால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்தினார். ஐலீன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி விலைகள் ஏறிவிட்டன. அடுத்த மேசையில் யுகேந்திரனின் விரல்கள் மழைபோல் அடித்து ஓய்ந்தன. பிறகு அவர் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார், குலுக்கினார், எழுந்து தூண் பக்கம் போய் நின்றார், திரும்பி வந்தார்.

"அண்ணே," என்றார் கடைசியில். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "மெயிலு வந்துச்சி, திரும்பப் போவ மாட்டேங்குது. சிங்கப்பூர் புடிச்சிருச்சி போல. அன்னிக்குக் காட்டுனீங்களே, அது எங்க இருக்கு?"

ஐலீன் மேசைக்கடியில் பிரெட்ரிக்கின் காலை மிதித்தார். இரும்பு முனைச் சப்பாத்து. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"மொதல்ல ஒங்களோடத முடிங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு நிமிஷம் லா, ஐலீன்."

பாதி விலையோடு நின்ற தம் போனைச் சாம்பல் தட்டின்மேல் சாய்த்து வைத்தார் பிரெட்ரிக். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, யுகேந்திரனின் போனைக் கையில் வாங்கினார். கடல் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதற்கு முதுகைத் திருப்பினார்.