வழியனுப்ப வந்த அக்கா

போன மாரிகாலத்தில், சுவிஸில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பனிச்சறுக்கு ஊரின் ரயில் நிலையத்தில் நடந்தது இது. நான் கனடாவில், மொன்றியலில் இருக்கிறேன். அந்த ஊர் ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கும் வேலை செய்கிற என் அக்காவிடம் ஒரு கிழமை போயிருந்தேன். மலை பார்க்கப் போகவில்லை, துக்கம் விசாரிக்கத்தான் போனேன்.

அதற்கு முந்தைய மாரியில் அத்தான் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். அந்த நேரம் பார்த்து நான் வீட்டு வாசல் பனியில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து கிடந்தேன். நல்லதுக்குச் சொன்னால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கூடப்பிறந்தவளின் வீட்டுச் சாவுக்கே போகாமல் இருந்தது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கால் சரியாகி, லீவும் கிடைக்க ஒரு வருடம் ஓடிவிட்டது.

போய்ப் பார்த்தால், அக்கா பிடிகொடுக்கவே இல்லை! ஹோட்டலில் வேலை குவிகிற பருவம். விடியப் போவாள், பின்னேரம் வருவாள், வந்த கையோடு புட்டு அவிப்பாள், உடுப்புத் தோய்ப்பாள். அத்தானின் கதையை எடுத்தாலே, "பொறு, அடுப்பிலை கறி கிடக்கு" என்று எழும்பிவிடுவாள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு மூன்று கறி வைத்து விருந்து போட்டால் நான் என்னத்தைச் சொல்வது?

திரும்பும் நாள் மதியம், வேலைக்கு இடையில் சீருடையோடே ஸ்டேசனுக்கு ஓடிவந்தாள். கையில் இடியப்பப் பார்சல். மேடை முழுக்கச் சறுக்குப் பலகைகளோடு வெள்ளைக்காரர்கள். கன்னத்தில் ஒரு கொஞ்சல், அவ்வளவுதான், வழியனுப்பியாயிற்று. நாங்கள் அப்படியா? பெட்டிக்குள் ஏறி, பையை மேலே ஏற்றி, ஆளை இருத்தி, நாலு புத்தி சொன்னால்தான் எங்களுக்கு அனுப்பினது போல இருக்கும். அக்காவும் ஏறினாள். "உந்தப் பார்சலை மடியிலை வைச்சிரு, சொதி ஊத்துப்படும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது.

"ஐயோ, என்ரை வேலை!" ஓடிப்போய்க் கதவுப் பொத்தானை அமத்து அமத்தென்று அமத்தினாள். ரயில் கிளம்பிவிட்டது. அவளிடம் குளிர்ச்சட்டை இல்லை, போன் இல்லை, டிக்கெட் இல்லை. அடுத்த ஸ்டேசனோ மலையடிவாரத்தில். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முறைத்தாள், பிறகு அவளும் என் பக்கத்தில் விழுந்து சிரித்தாள்.

"மனுசன் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சாக்காட்டியிருக்கும்" என்றாள்.

சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளின் இரண்டு கையும் வெறுமனே மடியில் கிடந்தன. செய்ய வேலையும் இல்லை, எழும்பிப் போக இடமும் இல்லை.

"வேலையாலை வாறன், ஆள் கதிரையிலை சாய்ஞ்சு கிடக்கு. நித்திரையாக்கும் எண்டு சத்தம் போடாமல் போய்ச் சமைச்சனடி. எல்லாம் வைச்சு முடிச்சுத்தான் எழுப்பினனான். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மடியிலிருந்த பார்சலைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் குரலெடுத்து அழுதோம்.

டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மற்றப் பக்கம் போனார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தபோது அக்கா ஜெர்மன் மொழியில் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் போனையே நீட்டி, ஹோட்டலுக்கு அடிக்கச் சொன்னார். டிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மனிதர் நல்லாயிருக்க வேணும்!

அடிவார ஸ்டேசனில் அக்கா இறங்கினாள். என் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு நானும் வாசலில் கால் வைத்தேன்.

"நீயும் இறங்கித் துலைக்காதை, உள்ளுக்கை போடி!" என்று பிடித்துத் தள்ளினாள்.

இப்போதெல்லாம் அக்கா போன் எடுத்தால் அத்தானைப் பற்றித் தானாகவே கதைக்கிறாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்; ஆறுதல் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன் என்று நினைத்திருந்தேன், கேட்கத்தான் போயிருக்கிறேன் என்பது அந்த ரயிலில்தான் எனக்கு விளங்கியது.