மூடச் சொல்லி உதைத்த கதவு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கத் தொடங்கி, இன்றைக்கு ஐந்து வேனுக்குச் சொந்தக்காரன். கண்டியில் வேன் வேண்டுமென்றால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஆளைப் பார்த்தவுடனே எடை போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் அந்த டிவிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனேன்.

கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நிருபர், நம் தமிழ் ஆள், நெற்றியில் சந்தனப் பொட்டு. மற்றவன் கமராக்காரன். பொலிஸ் போதைத்தூள் பிடிக்கப் போகும்போது கூடவே போய்ப் படம் எடுக்கிற நிகழ்ச்சியாம். ஜீப்பில் இடமில்லை, பின்னால் வர வேன் வேண்டும் என்றார்கள். பெரிய இடத்து வேலை என்று நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மேலே ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம், வரிசையாகத் தொழிலாளர் லயங்கள். காலை ஒன்பது மணி இருக்கும். ஜீப் நின்ற லயத்து வீட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அந்த வீட்டுக்காரனை எனக்குத் தெரியும். ஆட்டோ ஓட்டுகிறவன். லயத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஸ்கூலில் கொண்டுபோய் விடுவான். அதுதான் அவனுக்குச் சோறு.

கதவு திறந்தே கிடந்தது. அவன் பெண்சாதி வெளியே வந்து, "வாங்க சேர்" என்றாள். இன்ஸ்பெக்டர் உள்ளே கால் வைக்கப் போனார். நிருபர் தடுத்தான். திறந்த கதவு படத்துக்கு நல்லாயில்லையாம்.

"அக்கா, உள்ள போயி கதவச் சாத்துங்க. தாப்பாள் போட வேணாம்."

பாவம், அவளும் சாத்தினாள். ஒரு கான்ஸ்டபிள் ஓடிவந்து உதைத்தார். கதவு அவள் தோளில் போய் இடித்தது. கமராக்காரன், "இன்னொரு தடவ" என்றான். இன்னொரு தடவையும் உதைத்தார்கள்.

உள்ளே ஒரு பிஸ்கட் பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டலங்கள். பிரித்தால் சாம்பல் நிறத் தூள். இராப்பகலாகப் பொட்டலம் மடிக்கிறார்கள் என்று யாரோ பொலிஸுக்குப் போனில் தகவல் கொடுத்திருக்கிறான். ஆட்டோக்காரன் மடித்ததென்னவோ உண்மைதான். வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழா. வருஷா வருஷம் திருநீறு மடித்துக் கொடுப்பது அவன் வீட்டு வேலை.

"சாமி திருநீறுங்க சேர்! கோயிலுக்குங்க!" என்று கத்தினான். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் விளங்கவில்லை. கையில் விலங்கு விழுந்தது.

நிருபர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தான். அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, சொல்லுங்க அவர்கிட்ட," என்றேன்.

"தெரியுங்க ஐயா. ஜீப்ல ஏத்துற வரைக்கும் எடுத்துக்கிறோம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க."

தள்ளி நிற்கிற ஆளா நான்? கை நிறைய அள்ளி நெற்றியில் பட்டையாகப் பூசினேன். ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டேன். மார்க்கெட்டில் பழகிய என் சிங்களத்தைக் கேட்டு வக்கீல்மாரே மெச்சியிருக்கிறார்கள். அந்தச் சிங்களத்தில் இன்ஸ்பெக்டருக்கு விளக்கினேன். அவர் கதிர்காமத்து முருகன் கோயிலுக்குப் போய்வருகிற மனிதர், திருநீறு தெரியும். தூளைத் தொட்டுப் பார்த்தார், சிரித்தார், விலங்கைக் கழற்றச் சொன்னார். அவளிடம் மன்னிப்பும் கேட்டார்.

நான் நிருபரைப் பிடித்தேன். "எடுத்தத அழிச்சிடு."

"மொகத்த மறச்சிருவோம் ஐயா."

"மறைக்கிறியா? அழிடா!"

"ஆபிஸ்ல கேக்கணும்."

அவர்கள் பைகளைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு வேனைத் திருப்பினேன். ஜீப்பில் இடமில்லை என்றவர்களுக்கு அப்போது இடம் கிடைத்தது.

அடுத்த நாள் டிவியில் போட்டார்கள். முகத்தை மறைத்திருந்தார்கள். வாசலில் நின்ற ஆட்டோவை மறைக்கவில்லை, நம்பர் பளிச்சென்று தெரிந்தது. திருநீறு என்ற பேச்சே இல்லை.

திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போகிறார்கள். ஆட்டோ சும்மா நிற்கிறது.

"ஏம்மா, அவன் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன்.

"தெரியும் மாமா. நல்ல மனுசன்தான். ஸ்கூல்ல மத்த தாய்மாரெல்லாம் கேக்குறாங்களே, நாங்க என்ன சொல்றது?"

அவர்கள் கோயிலில் அவன் கையால் திருநீறு வாங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. எனக்கு வந்த அருவருப்பை எங்கே துப்புவதென்று தெரியவில்லை.

அவன் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டான். "அண்ணே, ஒங்க வேன்ல டிரைவர் வேலை ஏதும் இருக்குங்களா?"

வேலை இருந்தது. ஆனால் என் வேன்களில் இரண்டு ஸ்கூலுக்கு ஓடுகின்றன. அந்தத் தாய்மாரும் டிவி பார்க்கிறவர்கள்தானே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிற நான் அன்று சட்டைப் பையில் சாவியைத் தேடினேன். அந்தக் கொஞ்ச நேரம் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு, "இருக்கு, நாளைக்கே வா" என்றேன்.

"சரிங்கண்ணே" என்றான். வரவில்லை.