கூக்கால் மேட்டில் கிலுகிலுப்பை

எனக்கு யாரையும் எடுத்த எடுப்பில் நம்பிப் பழக்கமில்லை. பால் ஊற்ற வருகிறவர் சிரித்துப் பேசினால் அன்றைக்குப் பாலில் தண்ணீர் கூடுதல் என்று நினைக்கிற ஜாதி நான். அப்படிப்பட்டவனை இன்னொருத்தர் நம்பாமல் போனால் எப்படி வலிக்கும் என்பதைக் கொடைக்கானலில் இருந்தபோது ஒரு களைச்செடி எனக்குக் காட்டிக் கொடுத்தது.

அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். பழனி மலையில் எந்தச் செடி அடிவாரத்தில் முளைக்கிறது, எது எந்த உயரம் வரை ஏறுகிறது என்று கண்டு எழுதுவதுதான் அவருடைய ஆசை. மலை மலையாக அலைந்து செடி பிடுங்கி, தகரப் பெட்டியில் கொண்டுவந்து, காகிதங்களுக்கு நடுவே வைத்து அமுக்கிக் காயப்போடுவது என் சோலி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான புதிது. வீடு, கஞ்சி, நாலு பேர் தரும் மரியாதை எல்லாமே அந்த வேலையில்தான் இருந்தது. பொய் சொன்னான் என்று மிஷனிலிருந்து விரட்டப்பட்டவனை அந்தச் சின்ன ஊரில் யார் சீந்துவார்கள்?

செடியைச் சொல்லிவிடுகிறேன். கிலுகிலுப்பை. பழனிப் பக்கம் போனவர்கள் வழியோரத் தரிசில் பார்த்திருப்பார்கள். இடுப்பு உயரம் வளரும். பூ நல்ல மஞ்சள், அவரைப்பூ சாயலில் இருக்கும். பெரிய இதழின் முதுகில் மட்டும் செம்பழுப்புக் கோடுகள் ஓடும். காய் ஊதிப் புடைத்துக் காய்ந்து கறுத்ததும் விதைகள் உள்ளே கழன்றுவிடும், ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும். வெயிலில் வாழ்கிற செடி. அடிவாரம் பூராவும் கிடக்கும், வாழைத்தோட்டங்கள் வரை ஏறும், அதற்கு மேல் குளிரில் நின்றுவிடும். அதே குலத்தில் குளிர் தாங்கும் குட்டைச் செடிகள் மேல்மலையில் உண்டு. ஆனால் அவை வேறு, இது வேறு. சாமியார் இதை எழுதி, அடியில் கோடும் போட்டு முடித்திருந்தார்.

அந்தச் செடியைத்தான் நான் மேல்மலைக் குளிர் ஊரான கூக்காலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைத்தேன். ஏரிக்கு மேலே ஒரு மேட்டில், பூவும் காயுமாக ஒரு கூட்டமே நின்றது. சாமியார் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துச் செடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை எங்கே பறித்தாய்?"

"கூக்கால்ல, சாமி. ஏரி மேட்டுல."

"நன்றாக யோசித்துச் சொல். எங்கே பறித்தாய்?"

இரண்டாவது தரமும் கூக்கால் என்றுதான் சொன்னேன். அவர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்மலைக் கறுப்பு மண் ஒட்டியிருக்கிறதா, அடிவாரத்துச் செம்மண் ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார் என்பது புரிந்தது. காகிதம் அழுக்காகக் கூடாது என்று வேரைச் சுத்தமாக அலசிக் கொண்டுவரச் சொன்னவர் அவர்தான். நானும் சொன்ன சொல் தட்டாமல் கூக்கால் ஏரியிலேயே மண்ணே இல்லாமல் அலசி வந்திருந்தேன். செடியை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே ஒரு மூலையில் வைத்தார். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த நாள் சாமியாருடைய சமையல்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏப்பா, போன வாரம் நீ பழனிப் பக்கம் எறங்குனியான்னு சாமி கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன். பொண்டாட்டியக் கூட்டியாறத்தான போன?"

போயிருந்தேன்தான். பழனியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தவளைக் கூட்டிவர வில்பட்டி வழியாகப் பாதி மலை இறங்கினேன். கிலுகிலுப்பை பூத்துக் கிடக்கும் பாதை அது. கூக்கால் வரை நடக்கச் சோம்பல்பட்டு, அங்கேயே ஒன்றைப் பிடுங்கிவிட்டு மேலே பறித்தேன் என்று அளக்கிறான் என யாரும் நினைக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன், அதுதான் கொடுமை.

என் சந்தேகம் சமையல்காரர் மேல் பாய்ந்தது. அவருடைய மச்சினன் ஒருவன் வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். அவனை என் இடத்தில் நுழைக்கக் கூக்காலில் செடி நட்டு என்னை மாட்டிவிட்டிருப்பாரோ? வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"அந்த மனுசன் வாசலுக்கு வாறதுக்குள்ள மூச்சு வாங்குறாரு! அவரு கூக்காலுக்கு ஏறிச் செடி நட்டாராக்கும்! புத்தி கெட்டுப் போச்சா ஒங்களுக்கு?"

"பின்ன எப்பிடிப் புள்ள அங்க வந்துச்சு?"

"அதப் போயிப் பாருங்க. இங்கன ஒக்காந்து ஊரு ஆளுக மேல எல்லாம் பழி போடாதீக."

போனேன். கூக்காலில் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் கேட்டேன். "இது எங்கூருச் செடி இல்லீங்க. இந்த மேட்டுலதான் கெடக்கு, வேற எங்கயும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, நான் எதற்குக் கேட்கிறேன் என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நானும் அவரை ஒரு மாதிரிப் பார்த்தேன். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செடிகளுக்குக் காவல் இருந்தேன். ஒரு செடியைப் பார்த்துக்கொண்டு ஆம்பிள்ளை ஒருவன் உட்கார்ந்திருப்பதை ஊரே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று.

பொழுது சாயும் நேரம் பொதி மாடுகள் ஏறி வந்தன. கொடைக்கானலுக்குக் கார் ரோடு வந்துவிட்ட பிறகும் கூக்காலுக்கு எல்லாம் மாட்டு முதுகில்தான் வரும். பழனிக் கடைத்தெரு ராவுத்தர் அனுப்பும் உப்பும் கருவாடும் ஏறி வரும், பூண்டு இறங்கிப் போகும். மாட்டுக்காரர் அந்த மேட்டில்தான் பொதிகளை இறக்கினார். மாட்டின் முதுகு புண்ணாகாமல் பொதிக்கு அடியில் ஒரு சாக்கு மெத்தை போட்டிருப்பார்கள். அவர் அந்த மெத்தையின் தையலைப் பிரித்து, உள்ளே அடைத்திருந்த காய்ந்த தழையை உருவி உதறினார். உதறலில் கிலுகிலு என்று ஒரு சத்தம் கேட்டது.

நான் பாய்ந்துபோய் மெத்தைக்குள் கையை விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க நீங்க? பாரஸ்டா? மெத்தைக்குள்ள சந்தனக்கட்டை கடத்துறேன்னு எவன் சொன்னான்?"

"ஐயோ, பாரஸ்டு இல்லண்ணே! மெத்தைக்குள்ள ஏன் இந்தச் செடிய அடைக்கீங்க?"

"அத ஏன் கேக்கீங்க?"

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில், விட்டால் போதும் என்கிற மாதிரிச் சொன்னார். "வைக்கோல அடைச்சா, பின்னால வர்ற மாடு நடக்கும்போதே உருவித் தின்னுருதுங்க. பாதி மலையிலயே மெத்தை சப்பளிஞ்சு போயி முதுகு புண்ணாயிருது. இத எந்த மாடும் வாயில வைக்காது. கீழ தரிசு பூராம் சும்மா கெடக்கு, அறுத்து அடைச்சுருவோம். மேல வந்து சேர்றதுக்குள்ள நொறுங்கிப் போகும். இங்கன உதறிட்டு மலைப்புல்ல அடைச்சுக்கிட்டு எறங்கிருவோம். போதுமா?"

போதுமாவா! அவர் காலில் விழாத குறைதான். உதறிய இடத்தில் விதை விழுகிறது, வெயில் காலத்தில் முளைக்கிறது, பூக்கிறது. மாடுகள் தொடுவதில்லை, அதனால் நிற்கிறது.

அடுத்த தடவை மாடுகள் ஏறும் நாள் கேட்டு வைத்துக்கொண்டு, சாமியாரை நேரே அழைத்துப் போனேன். வழி நெடுக அவர் வாயே திறக்கவில்லை. மாடு வராமல் போய்விடுமோ, எவனாவது செடியைப் பிடுங்கிப் போட்டிருப்பானோ என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நல்லவேளை, இரண்டும் இருந்தன. சாமியார் மாட்டுக்காரரிடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டார். நான் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாரா என்று பார்த்தார், எனக்குத் தெரியாதா? பிறகு தானே மெத்தையைப் பிரித்து, தானே ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டினார். அப்போதுதான் சிரித்தார்.

திரும்பும் வழியில் பேச்சு நிற்கவே இல்லை. "செடி மலை ஏறவில்லை, சவாரி செய்து வந்திருக்கிறது! நான் எழுதியது சரிதான், இது அடிவாரத்துச் செடி" என்றார். கடல் தாண்டிய வெயில் நாடுகளிலும் இது இருக்கிறதாம், அங்கெல்லாமும் இப்படி மனிதர்களின் மூட்டை முடிச்சோடு போயிருக்குமோ என்று கேட்டுக்கொண்டே நடந்தார். நான் அவர் பின்னால் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கூட வாசல் வரை அது வரவில்லை.

மறுநாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினார். வார்த்தை இப்போது வருகிறது என்று தலையைச் சீவிக்கொண்டு போனேன். அறையில் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் ஒரு தடியும் கம்பளியுமாக நின்றார்.

"இனிமேல் நீ போகும் இடமெல்லாம் இவர் துணைக்கு வருவார்" என்றார் சாமியார். "உனக்கும் நல்லது. எதை எங்கே பறித்தாய் என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கும். யாரும் உன்னைச் சந்தேகப்பட முடியாது."

அன்போடுதான் சொன்னார். அவர் கண்ணில் ஒரு துளி கள்ளம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். என் தோளில் கையும் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைத் தவிர எல்லாரையும் அவர் நம்பிவிட்டார், மாட்டு மெத்தையைக்கூட நம்பிவிட்டார்.

"சாமி, நான் சொன்னது நெசந்தான்னு நேத்தே பாத்துட்டீங்கள்ல?"

"ஆமாம். அதனால்தான் உன்னை வேலையில் வைத்திருக்கிறேன்."

தகரப் பெட்டியை அவர் மேஜையில் வைத்தேன். வைத்தபோது சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டது. "அப்ப துணைக்கு வர்றவரே பறிச்சுக்கிட்டு வரட்டும், சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும்தான் உறைத்தது. இனி கூரை இல்லை, நாளைக்கு உலை வைக்க வழியில்லை.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த துணிகளை உள்ளே எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு வெள்ளனே கெளம்பிருவோங்க" என்றாள். "வெயிலு ஏறுறதுக்குள்ள பழனிக்கு எறங்கிரலாம்."