முதலில் வந்த தண்ணீர்

என் சித்தி தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஊதா விளக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். விருந்துக்குப் போன இடத்தில்கூட அதை எடுத்துச் சட்டைகள் மேல் அடித்துப் பார்ப்பாள். சோப்புத்தூள் தங்கிய வெள்ளைத் துணி நீலமாக மின்னும். "மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு தடவ அலசியிருக்கலாம்" என்று மானத்தை வாங்குவாள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'டார்ச்'.

தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சித்தி அதில் ஒரு ரசாயனத்தைச் சில சொட்டு விடுவாள். அது ஈயத்தைப் பிடித்துக்கொண்டால் ஊதா வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். ஈயம் இல்லையென்றால் இருட்டாகவே கிடக்கும். எத்தனை வருடம் பார்த்தும் அவளுக்கு அது அலுக்கவில்லை. "ஒளிஞ்சிருக்கறவன் தானா கைய தூக்கி 'உள்ளேன் ஐயா'ங்கறான் பாரு!" என்பாள்.

போன வருடம் அக்காவின் குழந்தை சரியாகச் சாப்பிடாமல் சோர்ந்தே கிடந்தாள். ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார் டாக்டர். எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்றும் சொன்னார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சித்தி வந்து சமையலறைக் குழாயை நன்றாக ஓடவிட்டு, அதன் வாயைத் துடைத்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். சோதித்ததில் இருட்டுத்தான். "தண்ணி சுத்தம்" என்று போனில் சொன்னாள். சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்று பழி பொம்மைகள் மேல் விழுந்தது. சாயம் போட்ட பொம்மை ஒன்று விடாமல் அக்கா மூட்டை கட்டினாள். ஆனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈயம் இன்னும் ஏறியிருந்தது.

அன்று சாயங்காலமே சித்தி வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"குட்டிக்கு எப்போடி பால் கலக்கற?"

"காலைல எழுந்ததும் முதல் வேலை அதான் சித்தி."

"எந்தத் தண்ணில?"

"இதே குழாய்த் தண்ணிதான். நல்லா கொதிக்க வெச்சுதான் தர்றேன்."

"கொதிச்சா கிருமி சாகும். ஈயம் சாகுமா?" என்றவள், தலையில் அடித்துக்கொண்டாள். "அட, மக்கு! நான் ஓடவிட்டுல்ல பிடிச்சேன்!"

கிருமிச் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது முதலில் ஓடவிட வேண்டும். வருடக்கணக்காக அப்படியே எடுத்து அவள் கை பழகியிருந்தது. ஆனால் ஈயம் வீட்டுக் குழாயிலிருந்தே கசிந்தால், இரவெல்லாம் அதற்குள் தேங்கிய தண்ணீரில்தான் அதிகம் இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் அவள் வீணாக ஓடவிட்டிருந்தாள்.

மறுநாள் விடியும்வரை குழாயை யாரும் தொடவில்லை. காலையில் சித்தி சின்னச் சின்ன பாட்டில்களில் வரிசையாகப் பிடித்தாள். திரையை இழுத்துவிட்டு, சொட்டு விட்டு, விளக்கைக் காட்டினாள். முதல் பாட்டில் பளீரென்று பச்சையானது. அடுத்தது மங்கல். அதற்கப்புறம் எல்லாம் இருட்டு.

"அடேயப்பா, என்னமா எரியுது!" என்று கத்திவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "இவ்வளவு கொஞ்சம் தண்ணி எங்க நிக்கும்? குழாய் மூக்குக்குள்ளயேதான். பித்தளைல ஈயம் கலந்திருக்கும்."

எல்லோரும் குழாயைப் பார்த்தோம். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அக்காவின் கணவர், எங்கள் மாமா, தானே வாங்கி மாட்டிய, தங்க நிறத்தில் வளைந்த குழாய். அவர் ஸ்பேனரை எடுத்து வந்து வெறி பிடித்தவர்போலத் திருகினார்.

"மாப்பிள்ளை, வால்வ மூடிட்டு—"

அதற்குள் எல்லோரும் நனைந்தாயிற்று.

புதுக் குழாய் வந்தது. அதில் முதலில் வரும் தண்ணீரைச் சித்தி பல காலைகள் சோதித்த பிறகே பால் கலக்கவிட்டாள். இப்போது குட்டியின் ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டு வருகிறது. சோறு வேண்டும் என்று தட்டைத் தட்டுகிறாள்.

"முதல் தடவையே சரியா பிடிச்சிருந்தா, சித்தி?" என்று அக்கா ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"அவ்வளவு நாளும் குட்டி அத குடிச்சிருக்க மாட்டா" என்றாள் சித்தி. வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.